‘வேண்டாம்’ என்றவர்கள், வாங்க முடியாதவர்கள்: நபோலியின் நாயகன் விக்டர் ஒசிமென் துருக்கிக்குப் போனது ஏன்?

2024 செப்டம்பர் தொடக்கம். இஸ்தான்புல் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் திரண்டிருக்கிறார்கள். பாட்டு, கோஷம், தலைக்கு மேல் செல்போன்கள். வந்து இறங்கியவர் நைஜீரிய ஸ்ட்ரைக்கர் விக்டர் ஒசிமென். ஆப்பிரிக்காவின் சிறந்த கால்பந்து வீரர் விருதை அப்போது கையில் வைத்திருந்தவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் இத்தாலியின் முதல்நிலை லீக்கான சீரி ஆ தொடரில் அதிக கோல் அடித்திருந்தார்.

துருக்கி ரசிகர்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மற்ற நாட்டு ரசிகர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. செல்சிக்கோ பாரிஸுக்கோ போக வேண்டிய ஆள், உச்சத்தில் இருக்கும் 25 வயதில், ஏன் துருக்கி லீக்குக்கு, அதுவும் கடனாகப் போகிறார்?

காயமா? இல்லை. ஃபார்ம் போய்விட்டதா? அதுவும் இல்லை. அவர் கழுத்தில் தொங்கிய விலைச்சீட்டுதான் காரணம். அந்தச் சீட்டை யார் எழுதினார்கள், எப்படி ஏறியது, ஏறிய பிறகு என்ன செய்தது என்று பார்த்தால் ஐரோப்பியக் கால்பந்துச் சந்தை நடக்கும் விதமும் சேர்ந்தே புரியும்.

குப்பைமேட்டுப் பக்கத்து வீடு

ஒசிமென் பிறந்தது 1998 டிசம்பர் 29, நைஜீரியாவின் லாகோஸ் நகரில். வளர்ந்தது ஒலுசோசுன் பகுதியில். ஆப்பிரிக்காவின் மிகப்பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்கு வேலை போனது. வீட்டில் பிள்ளைகள் நிறைய, இவர்தான் கடைக்குட்டி.

அண்ணன் செய்தித்தாள் விற்றார். அக்கா ஆரஞ்சு விற்றார். ஒசிமென் தண்ணீர் விற்றார். லாகோஸின் டிராஃபிக் ஜாம் உலகப் பிரசித்தம். நின்றுகொண்டிருக்கும் வண்டிகளுக்கு நடுவே ஓடி ஓடி தண்ணீர் பாக்கெட் நீட்டுவதுதான் அவர் வேலை. முன்னால் நிற்கும் வண்டி நகர்ந்துவிட்டால் காசு வாங்க அதன் பின்னாலேயே ஓட வேண்டும். பின்னாளில் இத்தாலியில் தடுப்பாட்ட வீரர்களைப் பின்னால் விட்டு அவர் பறக்கும்போதெல்லாம் ரசிகர்கள் இந்தக் கதையைத்தான் சொன்னார்கள்.

ஷூ கதை இன்னும் பிரபலம். குப்பைமேட்டில் தேடினால் ஒரு காலுக்கு ஒரு கம்பெனி ஷூ கிடைக்கும், இன்னொரு காலுக்கு வேறு கம்பெனி ஷூ கிடைக்கும், அதைத் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடுவோம் என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இதை வெறும் ‘வறுமையில் இருந்து வந்தவர்’ கதையாகக் கடந்துவிட முடியாது. லாகோஸில் இப்படி ஆடும் பையன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன்மேல் ஐரோப்பாவின் கண் படுவதற்கு ஒரு வாசல் வேண்டும். ஒசிமெனுக்கு அந்த வாசல் 2015-இல் திறந்தது.

அந்த ஆண்டு சிலி நாட்டில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை. பயிற்சியாளர் இம்மானுவேல் அமுனெகே. இறுதிப்போட்டியில் மாலியை 2-0 என வீழ்த்தி நைஜீரியா கோப்பையைத் தூக்கியது. முதல் கோல் ஒசிமெனுடையது. தொடர் முழுவதும் அவர் அடித்தது 10 கோல்கள். அந்தப் போட்டியின் வரலாற்றில் ஒரே தொடரில் 10 கோல் தொட்ட முதல் வீரர் அவர்தான்.

18 வயது ஆகும்வரை ஏன் காத்திருந்தார்?

10 கோல் அடித்த பையனை ஐரோப்பிய கிளப்கள் மறுநாளே தூக்கிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? முடியாது. 18 வயது நிரம்பாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு டிரான்ஸ்ஃபர் செய்ய ஃபிஃபா விதி அனுமதிப்பதில்லை. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் லாகோஸ் பையனுக்குப் பொருந்தும் விதிவிலக்கு எதுவும் அதில் இல்லை. சிறுவர்களை ஏஜென்ட்கள் அழைத்துப்போய் நடுத்தெருவில் விட்ட கதைகள் ஏராளம் என்பதால் வந்த விதி இது.

ஒசிமெனுக்கு 18 நிரம்பியது 2016 டிசம்பர் 29. 2017 ஜனவரியில் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் கிளப்பில் அவர் சேர்ந்தார். காலண்டரைப் பார்த்தாலே கணக்கு புரியும்.

‘வேண்டாம்’ என்ற இரண்டு கிளப்கள்

ஜெர்மனி அனுபவம் படுமோசம். காயம், குளிர், புரியாத மொழி, கிடைக்காத வாய்ப்பு. வோல்ஃப்ஸ்பர்க்குக்காக ஆடிய ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. கோல் அடிப்பதற்காகவே வாங்கப்பட்ட ஒருவரின் கணக்கில் பெரிய பூஜ்யம்.

2018 கோடையில் வேறு கிளப் தேடி பெல்ஜியம் போனார். அந்த நேரம் பார்த்து மலேரியா. உடம்பு தேறாத நிலையில் சுல்டே வாரெகெம் கிளப்பில் சோதனைப் பயிற்சிக்குப் போனார். வேண்டாம் என்றார்கள். கிளப் புரூக்கேயும் வேண்டாம் என்றது. அந்தப் பயிற்சியாளர்கள் பார்த்தது மலேரியாவிலிருந்து எழுந்து வந்த, மூச்சு வாங்கிய ஒரு பையனை. அன்றைக்குக் கண்ணில் தெரிந்ததை வைத்துச் சொன்ன பதில் அது. தப்பு என்று இன்று சொல்வது சுலபம்.

மூன்றாவதாக ஷார்லெருவா கிளப் கடனுக்கு எடுத்துக்கொண்டது. கால்பந்தில் ‘லோன்’ என்றால், வீரர் ஒரு கிளப்பின் சொத்தாகவே இருப்பார், இன்னொரு கிளப்புக்காக ஒரு சீசன் ஆடுவார். அந்த ஒரே சீசனில் 36 ஆட்டங்களில் 20 கோல். கடனாக வந்தவரை ஷார்லெருவா விலைக்கே வாங்கி, 2019-இல் பிரான்ஸின் லில் கிளப்புக்கு லாபத்தில் விற்றது. அங்கேயும் முதல் சீசனில் எல்லாத் தொடர்களிலும் சேர்த்து 18 கோல். கொரோனாவால் அந்த சீசன் பாதியில் நின்றது.

2020 மே மாதம் அவர் அப்பா இறந்தார். அந்தத் துக்கத்துக்கு நடுவில்தான் இத்தாலியிலிருந்து நபோலி வந்து பேசியது.

7 கோடி யூரோ: அந்த விலை எப்படி வந்தது?

2020 ஜூலையில் நபோலி அறிவித்த டீல் அந்த கிளப்பின் வரலாற்றிலேயே பெரியது. சுமார் 7 கோடி யூரோ, நிபந்தனைகள் நிறைவேறினால் 8 கோடிக்கும் மேல் என்று செய்திகள் வெளியாகின. இரண்டு கிளப்கள் கைவிரித்த பையனுக்கு, இரண்டே ஆண்டில் இந்த விலை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. அதே டீலில் நபோலியிலிருந்து நான்கு வீரர்கள் லில் பக்கம் போனார்கள். அவர்களுக்கென ஒரு மதிப்புப் போடப்பட்டது. அதில் மூன்று பேர் இளம் வீரர்கள், லில் அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. அவர்களுடைய மதிப்பை ஊதிக் காட்டிக் கணக்கு எழுதினார்களா என்று இத்தாலி அரசு வழக்கறிஞர்கள் விசாரணையில் இறங்கினார்கள். தவறு எதுவும் செய்யவில்லை என்கிறது நபோலி தரப்பு. ஒசிமென் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனால் ஒரு வீரரின் ‘விலை’ என்று செய்தியில் வரும் எண், கிளப்களின் கணக்குப் புத்தகத்துக்காகவும் வளையக்கூடியது என்பது இங்கே வெளிச்சத்துக்கு வந்தது.

சரி, இந்தப் பணத்தில் லாகோஸுக்கு ஏதாவது வந்து சேருமா? ஃபிஃபா விதியில் ‘சாலிடாரிட்டி’ பங்கு என்று ஒன்று இருக்கிறது. சர்வதேச டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், அந்த வீரரை 12 வயது முதல் 23 வயது வரை பயிற்றுவித்த கிளப்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட வேண்டும். 12 முதல் 15 வயது வரை பயிற்சி கொடுத்த ஒவ்வொரு ஆண்டுக்கும் மொத்தத் தொகையில் 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். 7 கோடி யூரோவில் 0.25 சதவீதம் என்றால் 1.75 லட்சம் யூரோ. ஒரு தெருவோர அகாடமிக்கு அது பல ஆண்டுச் செலவு. ஆனால் அந்தப் பையன் எங்களிடம் முறையாகப் பதிவாகியிருந்தான் என்று ஆவணம் காட்ட வேண்டும். சின்ன அகாடமிகள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான்.

முகமூடி போட்ட ஹீரோ

நபோலியில் முதல் இரண்டு ஆண்டுகளும் லேசுப்பட்டவை அல்ல. தோள்பட்டை காயம், கொரோனா. 2021 நவம்பரில் இன்டர் மிலன் ஆட்டத்தில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் ஸ்க்ரினியாருடன் தலைமுட்டி, கன்ன எலும்பும் கண்குழி எலும்பும் நொறுங்கின. அறுவை சிகிச்சை செய்து தட்டும் திருகாணியும் வைத்தார்கள். 2022 ஜனவரியில் நடந்த ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையை அவர் தவறவிட்டார்.

திரும்பி வந்தபோது முகத்தில் கறுப்பு முகமூடி. எலும்பு கூடிய பிறகும் அவர் அதைக் கழற்றவில்லை. நபோலி நகரத்துக் கடைகளில் அதே மாதிரி முகமூடிகள் விற்பனைக்கு வந்தன.

2022-23 சீசன்தான் எல்லாவற்றையும் மாற்றியது. மரடோனா காலத்தில் 1987, 1990 என இரண்டு முறை இத்தாலிய லீக்கை வென்ற கிளப் நபோலி. அதற்குப் பிறகு 33 ஆண்டுகள் எதுவும் இல்லை. பணக்கார வட இத்தாலி கிளப்களின் கேலிக்கு ஆளாகியே வளர்ந்த தென்கோடி நகரம் அது. அங்கே கால்பந்து வெறும் விளையாட்டு இல்லை, மானப் பிரச்சினை.

லூசியானோ ஸ்பலேட்டி பயிற்சியில், இடப்பக்கம் ஜார்ஜிய வீரர் க்வாரட்ஸ்கெலியா, நடுவில் ஒசிமென். 2023 மே 4, உடினேசே மைதானம். ஒரு டிரா போதும் என்ற நிலையில் நபோலி 0-1 எனப் பின்தங்கியிருந்தது. இரண்டாம் பாதியில் ஒசிமென் அடித்தார் சமன் கோல். ஐந்து ஆட்டங்கள் மீதம் இருக்கும்போதே பட்டம் உறுதியானது. சீசன் முடிவில் லீக்கில் அவர் கணக்கு 26 கோல்கள். சீரி ஆ தொடரின் அதிக கோல் வீரர் பட்டத்தை ஆப்பிரிக்கர் ஒருவர் வென்றது அதுவே முதல் முறை. டிசம்பரில் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருதும் வந்தது. 1999-இல் கானுவுக்குப் பிறகு அந்த விருதை ஒரு நைஜீரியர் வாங்கவில்லை.

எங்கே கசந்தது?

பட்டம் வென்ற கையோடு ஸ்பலேட்டி போய்விட்டார். அடுத்த சீசனில் மூன்று பயிற்சியாளர்கள் மாறினார்கள். நடப்புச் சாம்பியன் 10-ஆம் இடத்தில் முடித்தது.

நடுவில் இன்னொன்று. 2023 செப்டம்பரில் போலோன்யாவுக்கு எதிராக ஒசிமென் ஒரு பெனால்டியைத் தவறவிட்டார். ஆட்டம் 0-0. அடுத்த நாட்களில் கிளப்பின் சொந்த டிக்டாக் கணக்கிலேயே அதைக் கிண்டல் செய்து ஒரு வீடியோ. அவரைத் தேங்காயாகக் காட்டிய இன்னொரு வீடியோவும் வெளியே வந்தது. சட்ட நடவடிக்கை எடுக்கும் உரிமை எங்களுக்கு உண்டு என்றார் ஏஜென்ட் ரோபர்ட்டோ கலெண்டா. புண்படுத்தும் நோக்கம் இல்லை என்றது கிளப். ரசிகர் யாரோ போட்டிருந்தால் ஒரு நாளில் மறந்துபோயிருக்கும். தனக்கு 33 ஆண்டுக்குப் பிறகு பட்டம் வாங்கிக் கொடுத்தவரை ஒரு கிளப்பே இப்படிச் செய்தது, சாதாரண சறுக்கல் இல்லை.

ஆனாலும் அந்த டிசம்பரில் அவர் ஒப்பந்தத்தை நீட்டித்துக் கையெழுத்திட்டார். பின்னால் வந்த சிக்கலுக்கு வித்து இந்தக் கையெழுத்துதான்.

‘ரிலீஸ் கிளாஸ்’ என்றால் என்ன?

ஐபிஎல் ஏலம் மாதிரி கால்பந்தில் வீரர்களை மேடையில் வைத்து ஏலம் விடுவதில்லை. ஒப்பந்தக் காலம் முடியும்வரை வீரர் கிளப்புக்குக் கட்டுப்பட்டவர். நடுவில் வேறு கிளப் வாங்க வேண்டுமானால் இரண்டு கிளப்களும் விலை பேசி ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பதிலாக, ‘இவ்வளவு தொகை கொண்டுவந்தால் மறுபேச்சில்லாமல் விட்டுவிடுவோம்’ என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவைப்பதுதான் ரிலீஸ் கிளாஸ், அதாவது விடுவிப்புத் தொகை.

வீரருக்கு இது வெளியே போக ஒரு கதவு. கிளப்புக்கு, அடிமாட்டு விலைக்குப் போகாமல் காக்கும் பூட்டு. ஒசிமென் விஷயத்தில் அந்தத் தொகை சுமார் 13 கோடி யூரோ என்று செய்திகள் வந்தன. சம்பளமும் நபோலியிலேயே உச்சம்.

அப்படியானால் வாங்க நினைக்கும் கிளப் இரண்டு மலைகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, நபோலி கேட்கும் தொகை. இரண்டு, ஒசிமென் வாங்கிக்கொண்டிருக்கும் சம்பளத்துக்குக் குறையாத சம்பளம். 2024 கோடையில் உலகத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகத் தாண்டக்கூடிய கிளப்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றில் பல ஏற்கனவே ஸ்ட்ரைக்கர் வைத்திருந்தன.

செல்சியுடன் கடைசி நாள்வரை பேச்சு நடந்தது. சம்பளத்தில் ஒத்துப்போகவில்லை. சவுதியின் அல் அஹ்லியுடனும் பேச்சு கனிந்து வந்து கடைசியில் உடைந்தது. அல் அஹ்லி இங்கிலாந்து வீரர் ஐவன் டோனியை வாங்கிக்கொண்டது. ஆகஸ்ட் 30-ஆம் தேதியோடு இங்கிலாந்து, இத்தாலி டிரான்ஸ்ஃபர் சந்தைகள் மூடின.

அதற்குள் நபோலியின் புதிய பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே, ரொமேலு லுகாகுவை வரவழைத்திருந்தார்.  லீக் அணிப்பட்டியலில் ஒசிமென் பெயரே இல்லை. அதாவது ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர், சம்பளம் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டில் உட்கார வேண்டிய நிலை.

எல்லா நாட்டிலும் டிரான்ஸ்ஃபர் சந்தை ஒரே நாளில் மூடுவதில்லை. துருக்கியில் செப்டம்பர் 13 வரை திறந்திருந்தது. அந்த இரண்டு வார இடைவெளியில்தான் கலாட்டசராய் உள்ளே நுழைந்தது. விலைக்கு வாங்கவில்லை, ஒரு சீசனுக்குக் கடன். பதிலுக்கு நபோலி ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டு நீட்டித்துக்கொண்டு, விடுவிப்புத் தொகையை 7.5 கோடி யூரோவாக இறக்கியது என்று தகவல் வெளியானது. 13 எங்கே, 7.5 எங்கே! கோடைக்குள் அதே ஆள், அதே கால். மாறியது காகிதத்தில் இருந்த எண் மட்டும்.

துருக்கியில் என்ன ஆனது?

ஒன்றுமே குறையவில்லை. 41 ஆட்டங்களில் 37 கோல். லீக்கில் மட்டும் 26, நபோலியில் பட்டம் வென்ற சீசனில் அடித்த அதே எண்ணிக்கை. கலாட்டசராய் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. அது அவர்களின் 25-ஆவது லீக் பட்டம். ஐந்து பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம் என்ற துருக்கிக் கணக்கில் ஜெர்சியில் ஐந்தாவது நட்சத்திரம் ஏறியது. அதே மாதத்தில் நபோலியும் ஒசிமென் இல்லாமல் இத்தாலியில் பட்டம் வென்றது. பிரிந்தவர்கள் இருவரும் ஜெயித்த கதை கால்பந்தில் அடிக்கடி நடப்பதில்லை.

2025 ஜூலையில் கலாட்டசராய் அவரை நிரந்தரமாக வாங்கியது. 7.5 கோடி யூரோ, அப்போதைய மதிப்பில் சுமார் 750 கோடி ரூபாய். துருக்கி வரலாற்றில் இதுவே பெரிய டிரான்ஸ்ஃபர். இந்த டீலில் விவரங்கள் வதந்தியாக இல்லாமல் அதிகாரபூர்வமாகவே கிடைக்கின்றன. கலாட்டசராய் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், பெரிய செலவுகளை வெளியிட்டே ஆக வேண்டும். 4 கோடி முதலிலும் மீதி 3.5 கோடி தவணையிலும். ஆண்டுச் சம்பளம் வரி போக 1.5 கோடி யூரோ, அதுபோக விளம்பர உரிமைக்குத் தனி. மறுபடி விற்றால் லாபத்தில் 10 சதவீதம் நபோலிக்கு.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு அவரை எந்த இத்தாலிய கிளப்புக்கும் விற்கக் கூடாது, விற்றால் அபராதம். விற்ற பிறகும் அவரை எதிரணி ஜெர்சியில் பார்க்க நபோலிக்குப் பயம். இதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமா?

துருக்கி லீக்கில் யார்தான் கோல் அடிக்க மாட்டார்கள் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். 2025 செப்டம்பரில் சாம்பியன்ஸ் லீக்கில் லிவர்பூலை கலாட்டசராய் 1-0 என வென்றபோது கோல் அவருடையது. நவம்பரில் அயாக்ஸ் மைதானத்தில் ஹாட்ரிக். அதன்பிறகு அந்தக் குரல் அவ்வளவாகக் கேட்கவில்லை.

நாட்டுக்காக இன்னும் கிடைக்காதது

கிளப் கதை இப்படி. நைஜீரிய ஜெர்சியில் கதையே வேறு. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை இறுதிப்போட்டியில் ஐவரி கோஸ்ட்டிடம் 1-2 தோல்வி. மொராக்கோவில் நடந்த அடுத்த தொடரில் மூன்றாம் இடம்.

உலகக் கோப்பை இன்னும் கொடுமை. 2022-இல் கானாவிடம், வெளிமைதான கோல் விதியால் வாய்ப்புப் போனது. 2026 உலகக் கோப்பைக்காக 2025 அக்டோபரில் பெனின் அணிக்கு எதிராக ஹாட்ரிக் அடித்து நைஜீரியாவைப் போட்டியில் தக்கவைத்தார் ஒசிமென். நவம்பரில் மொராக்கோவில் பிளே-ஆஃப். அதற்கு முன்பே வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தார்கள், காரணம் தராமல் வைத்திருந்த ஊக்கத்தொகை பாக்கி. 7.5 கோடி யூரோ ஸ்ட்ரைக்கர் ஆடும் அணிக்கு, கால்பந்து சம்மேளனம் பாக்கி வைத்திருக்கிறது!

காபோனை 4-1 என வென்ற ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் ஒசிமெனுக்கு இரண்டு கோல். மூன்று நாள் கழித்து காங்கோ ஜனநாயகக் குடியரசுக்கு எதிரான இறுதி ஆட்டம். காயத்தால் இடைவேளையோடு அவர் வெளியே வந்துவிட்டார். 1-1. பெனால்டி ஷூட்-அவுட். உதைக்க வேண்டிய முக்கியமான ஆள் பெஞ்சில். நைஜீரியா 3-4 எனத் தோற்றது.

நைஜீரியாவுக்காக அதிக கோல் அடித்தவர் ரஷிதி யெகினி, 37 கோல்கள். 1994-இல் நாட்டின் முதல் உலகக் கோப்பை கோலை அடித்தவரும் அவரே. ஒசிமென் 30-ஐத் தாண்டிவிட்டார், அந்தச் சாதனை கைக்கெட்டும் தூரம்தான். உலகக் கோப்பையில் மட்டும் இதுவரை ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. கலாட்டசராய் ஒப்பந்தம் 2029 கோடை வரை இருக்கிறது. 2030 உலகக் கோப்பை தொடங்கும்போது அவருக்கு வயது 31.